கோம்பாக் மேட்டைத் தாண்டாத வேன்

வேன் கோம்பாக் மேட்டில் நின்றுவிட்டது. ஒரு தடவை அல்ல. கோலாலம்பூர் வழியாகக் கிழக்குக் கரைக்குக் கிளம்பிய கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும்.

பழைய வண்டியில் ஊர் சுற்றுவது ஒரு தொழில். பாதி நேரம் ரோட்டோரம். மீதி நேரம் பட்டறை வாசல். வண்டி ஓடுவது நடுவில் எப்போதாவது கிடைக்கும் லீவு. பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டு, ஒன்றும் புரியாமல் உள்ளே எட்டிப் பார்த்து, பக்கத்தில் நிற்பவர்களுக்காகப் புரிந்தமாதிரி தலையாட்டியிருப்பீர்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். அதைத்தான் எழுதப்போகிறேன். நீட்டி எழுத எனக்கு வராது.

ரொட்டி வண்டி

எண்பதுகளின் நடுவில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றேன். சரக்கு ரயில் கார்டு வேலை. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, கடந்து போன ஊரை மட்டும் பார்த்துக்கொண்டே போகும் வேலை. வரப்போகிற ஊரைப் பார்க்கிற பாக்கியம் டிரைவருக்கு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸைக் காலி செய்து கிள்ளானில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனோம். சாமான் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே வேன் வாங்கிவிட்டேன். ரொட்டிக் கம்பெனி ஒன்று போதும் போதும் என்று ஓட்டிவிட்டுக் கழித்துவிட்ட வண்டி. ரொட்டித் தட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு பக்கம் பலகைக் கட்டில், ஒரு பக்கம் கேஸ் அடுப்பு, ஜன்னலுக்குத் துணி. என் வீட்டுக்காரி உள்ளே ஏறி மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "பசிக்குதுங்க" என்றாள். எத்தனை கழுவினாலும் அந்த வண்டியில் ரொட்டி வாசனை போகவில்லை.

ஹார்னும் போகவில்லை. வண்டியோடு வந்த அதே ஹார்ன். ஒரு நாள் எங்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே பூனை குறுக்கே வந்தது. அடித்தேன். நாலு வீட்டுக் கதவு திறந்தது. கையில் சில்லறையோடு ஆட்கள் வந்தார்கள். இது ரொட்டி வண்டி இல்லை, நாங்கள் ஊர் சுற்றப் போகிற வண்டி என்று விளக்கம் சொன்னேன். எதிர் வீட்டு ஆன்டி என்னையும் வண்டியையும் மேலும் கீழும் பார்த்தார். "ரொட்டி இல்லாம இந்த ஹார்ன அடிச்சா பாவம், அங்கிள். பிள்ளைங்க ஏமாந்துபோகும், லா."

எந்தக் கடல்

வேன் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.

என் வீட்டுக்காரி காப்பார்க்காரி. பிறந்தது கடலுக்குப் பக்கம். வாக்கப்பட்டது பிரிக்பீல்ட்ஸ். கடைசியில் வந்து சேர்ந்தது கிள்ளான். அவள் பார்த்த கடல் முழுக்க மேற்குக் கடல். சூரியன் சாயந்திரம் போய் விழுகிற கடல். ரயில்வேயில் எனக்கு ஓசிப் பாஸ் உண்டு. ஆனால் கிழக்குக் கரைக்கு அவளைக் கூட்டிப்போக எனக்கு நேரம் கிடைத்தபோது அவளுக்குப் பிள்ளைப் பேறு, அவளுக்குத் தோது வந்தபோது எனக்கு டூட்டி. ஓய்வு பெறுகிற வருஷம் அவளுக்குக் கண்ணில் கோளாறு ஆரம்பித்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் கோலாலம்பூர் கண் டாக்டர். ஓரத்துப் பார்வை முதலில் போகும், மெல்ல மெல்ல நடுவுக்கு வரும், போனது திரும்பாது என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். வெளியே வந்ததும் எவ்வளவு தெரிகிறது என்று கேட்டேன். புட்டுக் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி என்றாள். குழாய் மாசத்துக்கு மாசம் ஒடுங்கிக்கொண்டே வந்தது.

அன்று சாயந்திரம் போர்ட் கிள்ளான் பக்கம் போய் உட்கார்ந்தோம். சூரியன் வழக்கம்போல் கப்பல்களுக்குப் பின்னால் இறங்கியது. எனக்கு அது அழகாகத்தான் பட்டது. அவள் பாதியில் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "முழுகுறத எத்தன தடவதாங்க பாக்கிறது? கண்ணு இருக்கிறப்பவே ஒரு தடவ அது கடல்லேருந்து எழும்புறதப் பாக்கணும்."

பூசை போட்டுக் கிளம்பினோம்

கிளம்புவதற்கு முன் வண்டிக்குப் பூசை. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் தேங்காய், சூடம். ஐயர் கண்ணாடியில் பட்டை போட்டார். அவர் முடித்ததும் என் வீட்டுக்காரி தன் பங்குக்குச் சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தாள். ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு. எஞ்சின் மூடிக்கு ஒரு பொட்டு. அடுப்புக்கு ஒரு பொட்டு. கடைசியாக வண்டி விலாவில் இருந்த எண்ணெய் மூடிக்கு, அதாவது பெட்ரோல் டேங்க் மூடிக்கு, நட்ட நடுவில், நல்ல கெட்டியாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம். "வண்டிக்குச் சோறு போற வாய் இதுதானே" என்றாள். எனக்கு இதில் நம்பிக்கையும் இல்லை, வம்பும் இல்லை. டேங்கை முட்ட நிரப்பிக்கொண்டு கிளம்பினேன்.

ஃபெடரல் ஹைவேயில் வண்டி தேர் மாதிரி போனது. கோலாலம்பூரைத் தாண்டியது. கோம்பாக் மேட்டில் ஏறியது. இருமியது. ஒரு இழுப்பு இழுத்தது. நின்றுவிட்டது. பெந்தோங்குக்கு மரம் ஏற்றப் போய்க்கொண்டிருந்த லோரிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு நிறுத்தினார். முத்து என்று பெயர் சொன்னார். முதல் வேலையாக எண்ணெய் மூடியைத் திருகித் திறந்து உள்ளே பார்த்தார். முட்ட இருந்தது. மூடினார். சாவியைத் திருப்பச் சொன்னார். உடனே பிடித்துக்கொண்டது. நன்றி சொல்லிக் கிளம்பினேன். கொஞ்ச தூரம் ஏறினோம். மறுபடி நின்றது. பின்னாலேயே வந்த முத்து மறுபடி எண்ணெய் பார்த்தார். மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. மலை இன்னும் மேலே கிடக்கிறது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வண்டியைத் திருப்பினேன். முத்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கிழக்க போக இந்த வண்டிக்கு இஷ்டமில்ல, அங்கிள். ரொட்டி வண்டிதானே, தெரிஞ்ச ரோட்டுலதான் ஓடும்."

திரும்பி வராத வண்டி

பிரிக்பீல்ட்ஸில் குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் மணியத்தின் பட்டறை. பழைய பழக்கம். ஆள் பேச்சுக்காரர். வாயில் வெற்றிலை, கையில் ஸ்பானர், இரண்டும் நிற்காது. "என் கைக்கு வந்த வண்டி திரும்ப வந்ததா சரித்திரமே இல்லண்ணே" என்றுதான் ஆரம்பித்தார். கார்புரேட்டர் குப்பை என்றார். கழற்றினார். அதில் ஒரு பொடி ஓட்டையைக் குத்தி எடுக்க மெல்லிய கம்பி தேடினார். பட்டறை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி நீட்டினாள். மணியம் வாங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் குத்தினார். வெல்டிங் நெருப்பு பறக்கிற இடம் என்பதால் டேங்கில் எண்ணெயைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அந்தக் கொஞ்சத்தோடு கோயிலைச் சுற்றி, தேவாலயத்தைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி ஓட்டிக் காட்டினார். பிரமாதமாக ஓடியது.

சந்தோஷம். வீட்டுக்குப் போனோம். வண்டியைக் கழுவினேன். சந்தனப் பொட்டுகள்மேல் மட்டும் தண்ணீர் படக் கூடாது என்று உத்தரவு. அவற்றைச் சுற்றிச் சுற்றிக் கழுவினேன். கிளம்புகிற நாளில் காய்ந்த பொட்டுக்கு மேல் புதுப் பொட்டு வைத்தாள். டேங்கை நிரப்பினேன். கோம்பாக். இருமல். நின்றது. இந்தத் தடவை உதவிக்கு வந்தவர் மூடியைத் திறக்கவில்லை, கயிற்றைத்தான் எடுத்தார். அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு மணியத்தின் சந்துக்குள் நுழைந்தேன். அவர் சரித்திரத்தை நான் ஞாபகப்படுத்தினேன். மணியம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "வண்டி எங்கண்ணே திரும்ப வந்துச்சு? நீங்க இழுத்துக்கிட்டு வந்தீங்க. அது வேற கணக்கு."

நல்ல வண்டி

மணியத்தைக் கோபித்துக்கொண்டு கிள்ளானில் ஒரு சீனரிடம் போனேன். ஆ ஹோக் என்பார்கள். தகரக் கொட்டகை. தோட்டத்து ஆட்களோடு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார், பேசினால். பேசமாட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல. என் வீட்டுக்காரி என்னைவிடக் கவலையாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் டாக்டரின் முகத்தையும் அப்படித்தான் பார்ப்பாள். ஆ ஹோக் தலையை ஆட்டினார். ஒன்றும் இல்லை என்றார்.

நான் விடவில்லை. வண்டியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். நாள் போனது. சீன வருஷப் பிறப்பு வந்து பட்டறை மூடிக் கிடந்தது. இந்தப் பக்கம் வீட்டில் தேநீர் ஊற்றினால் குவளைக்குப் பக்கத்தில் ஊற்ற ஆரம்பித்தாள். "கை நடுக்கம்" என்றாள். கை நடுங்கவில்லை. நான் மேசையைத் துடைத்தேன். மறு நாள் போய் ஆ ஹோக்கிடம் கத்தினேன். எனக்கு அவசரம், பார்த்துத் தொலையுங்கள் என்றேன். அவர் சாவியை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்தார். பூனைக்குட்டி மாதிரி சத்தம். பழைய வண்டிக்காரர்களே, இந்த அவமானம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் சாகக் கிடக்கும் வண்டி பட்டறையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆ ஹோக் சாவியை என் கையில் வைத்தார். "கெட்ட வண்டி கொண்டு வா, நான் செய்றேன். நல்ல வண்டியக் கொண்டாந்து கெட்டுப்போச்சுன்னு என்கிட்ட சண்ட போடாத, அங்கிள்."

மச்சான் வைத்தியம்

காப்பாரில் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, மின்நிலையத்தில் வேலை. பெரிய மெஷின் பார்க்கிற ஆள், ஏதாவது சொல்வான் என்று போனேன். வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். தட்டிப் பார்த்தான். பிறகு கிள்ளானில் எங்கள் எதிர் வீடு யார் வீடு என்று கேட்டான். திருஷ்டி என்று முடிவு சொன்னான். பூசணிக்காய் சுற்றினான். முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினான். கூடவே அக்காளிடம் ஒரு யோசனை: "பொட்டு சின்னதா இருக்குக்கா. நல்லா பெருசா வை." அவள் வைத்தாள். எண்ணெய் மூடி மாரியம்மன் நெற்றி மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தடவை கோம்பாக்கைப் பார்க்கவே இல்லை. கோலாலம்பூரை விட்டு வெளியே வருவதற்கு முன்பே நின்றது. பஸ்காரர்கள் பின்னால் நின்று ஹார்ன் அடித்தார்கள். நான் ரொட்டி ஹார்னால் பதில் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் கூடவே வழியனுப்ப வந்திருந்த மச்சான் இறங்கி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவன் முகத்தில் நிஜமாகவே மரியாதை இருந்தது. "யாருன்னு தெரியல மச்சான், ஆனா கண்ணு வச்சவன் சாதாரண ஆளு இல்ல."

கடல் இந்தப் பக்கம்

அன்று அந்த மிளகாயை எல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றதும் வண்டி தானாகப் பிடித்துக்கொள்ள, திருப்பினேன். வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தேன். அவள்தான் தடுத்தாள். புளிச்சோறு கட்டியாகிவிட்டது, மெத்தை விரித்தாகிவிட்டது, எங்கேயாவது தூங்கிவிட்டுப் போவோம் என்றாள். எங்கே போவது? தெரிந்த கடல் ஒன்றுதான். போர்ட் கிள்ளானுக்கு விட்டேன். பாழாய்ப்போன வண்டி அங்கே போக மட்டும் முணுமுணுக்கவில்லை. கரையோரம் நிறுத்திச் சோறு தின்றோம். ரொட்டி வாசனையில் தூங்கினோம்.

விடியற்காலை எழுப்பினாள். வண்டியைத் திருப்பிப் போடச் சொன்னாள். பக்கக் கதவு கடலை விட்டு ஊர்ப் பக்கம், கிழக்கே பார்க்கும்படி திருப்பினேன். இரண்டு மடக்கு நாற்காலி. முன்னால் கோடவுன் சுவர், அதற்கு மேல் கிரேன், அடுக்கிய பெட்டிகள். அந்தப் பெட்டிகளின் பின்னால்தான் வானம் வெளுத்தது. அவள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி, அந்தக் குழாய்க்குள் எங்கேயாவது சூரியன் வந்து சிக்குமா என்று தேடினாள். தகரக் கூரைக்கு மேல் அது வந்து சேர்ந்தபோது ஏற்கெனவே வெயிலாகி இருந்தது. "இதுக்குக் கீழதான் எங்கயோ கடல் இருக்கு இல்ல?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். இரவு ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் போன கோடவுன் காவல்காரர், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த இரண்டு கிழங்களைக் கண்டு ஒரு காலை ஊன்றி நின்றார். ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "அங்கிள், ஆன்டி, தப்பா நினைக்காதீங்க... கடல் இந்தப் பக்கம்."

குக்கர்

ஆயுத பூசை முடிந்து இன்னொரு தடவை கிளம்பினோம். கடைசித் தடவை என்று சொல்லியே கிளம்பினேன். நின்றால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன். அவள் சொட்டு மருந்துக் குப்பியை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு என் முகம் தெரியும். முகத்தைப் பார்த்தால் கை தெரியாது.

கோம்பாக். அதே மேடு. அதே இருமல். நின்றது. நான் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். டயரை உதைத்தேன். வாயில் வந்ததை எல்லாம் வண்டியைத் திட்டினேன். மணியத்தை, ஆ ஹோக்கை, மச்சானை, கண் டாக்டரைக்கூட. அவள் மெல்ல இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே விலாப் பக்கம் வந்தாள். எண்ணெய் மூடி கைக்கு வந்ததும், அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "லோரிக்காரத் தம்பி இதத் தொறந்தப்ப ஓடுச்சு இல்ல?" என்றாள். எண்ணெய் முட்ட இருக்கிறது, அதைத் திறந்து என்ன ஆகப்போகிறது என்று எரிந்து விழுந்தேன். "கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னை அதட்டிய ஒரே இடம் அது. இருந்தேன். மூடியைத் திருகினாள்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு இழுப்பு. லோரிச் சத்தத்திலும் பஸ் சத்தத்திலும் நாங்கள் யாரும் இதுவரை காது கொடுத்துக் கேட்காத சத்தம். உள்ளே காற்றுக்கு ஏங்கிக் கிடந்த ஏதோ ஒன்று மூச்சை இழுத்த மாதிரி. அவள் மூடியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போகவில்லை. கொண்டு போயும் பிரயோசனம் இல்லை. கட்டைவிரலால் தடவினாள். உள்பக்கம் நடுவில் ஒரு பொடி ஓட்டை. வெளிப்பக்கம் அதே இடத்தில் கல்லாய் இறுகிப் போன சந்தனம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நாங்கள் கிளம்பிய பயணங்கள் அத்தனையும். தாலிக்கொடியில் இருந்து ஊக்கைக் கழற்றினாள். குத்தினாள். சந்தனப் பொடி உதிர்ந்தது. மூடியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தாள். காற்று போனது. மணியத்தின் பட்டறையில் வண்டி ஓடிய ரகசியமும் அதுதான்: டேங்கில் எண்ணெய் கொஞ்சம், மீதி இடத்தில் காற்று இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. "குக்கர்ல வெயிட்டு போடுற ஓட்ட அடைச்சா சோறு வேகுமா? எண்ணெய் வெளிய போக உள்ள காத்து போகணும் இல்லீங்களா. நாந்தாங்க அடைச்சு வச்சிருந்திருக்கேன்."

குழாய்க்குள்

வண்டி ஓடியது. கோம்பாக்கைத் தாண்டியது. சுரங்கத்துக்குள் போனது. மலையின் மறு பக்கம் வெளியே வந்தபோது நான் ரொட்டி ஹார்னை நீளமாக அடித்தேன். யாரும் வரவில்லை. பெந்தோங், காராக், தெமர்லோ. இதெல்லாம் நான் கடைசிப் பெட்டியில் இருந்து பார்க்காத ஊர்கள், முன் கண்ணாடியில் ஒவ்வொன்றாக வந்தன. வந்த ஊரின் பெயரைப் பலகையில் படித்துச் சொல்லிக்கொண்டே போனேன். நான் சொல்லச் சொல்ல அவள் அதையே ஒரு தடவை திருப்பிச் சொன்னாள்.

குவாந்தான் கரையில் விடியலுக்குக் காத்திருந்தோம். மேகம் இருந்தது. இவ்வளவு தூரம் வந்து மேகமா? மேகம் கொஞ்சம் விலகியது. கடலின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நகக்கண் அளவு. நான் அவள் தலையைப் பிடித்து மெல்ல அந்தப் பக்கம் திருப்பினேன். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றேன். இன்னும் கீழே என்றேன். ரயிலுக்குக் கொடி காட்டிய கை, அவளுக்குச் சூரியனைக் காட்டியது. திடீரென்று அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பிடித்துவிட்டாள். சூரியன் முழுசாக மேலே வந்து தண்ணீரை விட்டுப் பிரியும் வரை கண்ணை மூடவில்லை. கரையும் தென்னையும் படகும் நானும் அவளுக்குத் தெரிந்திருக்க முடியாது. கேட்டேன், எவ்வளவு தெரிந்தது என்று. "குழாக்குள்ள அது மட்டுந்தாங்க இருந்திச்சு. அளவெடுத்து வச்ச மாதிரி சரியா இருந்திச்சு."

இப்போது

கண் சோதனைக்குப் போகும்போது பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகிறோம். ரயிலுக்குத் தூண் நட்டு ஊரைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மணியத்தின் சந்து எது என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்கு இப்போது வெளிச்சம் மட்டும் தெரியும், அதுவும் நல்ல வெயில் நாளில். எனக்கு முழங்கால் மடங்காது. கிளட்சை மிதித்தால் உயிர் போகிறது. கோம்பாக்கைத் தாண்ட வண்டி தயார், ஓட்டுகிற ஆள்தான் பழுது. இந்தப் பழுதுக்குப் பட்டறை இல்லை.

வேன் வீட்டு வாசலில் நிற்கிறது. விற்கவில்லை. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பேட்டரி சாகாமல் இருக்கக் காலையில் ஸ்டார்ட் செய்து வைப்பேன். சத்தம் கேட்டதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கக் கதவில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பக்கக் கதவு கிழக்கே பார்க்கும்படிதான் நிறுத்தியிருக்கிறேன். எதிர் வீட்டுச் சுவர் சூடாகிற வரை உட்கார்ந்திருப்பாள். இன்னும் ரொட்டி வாசனை அடிக்கிறது. நான் அவ்வப்போது எஞ்சினைக் கொஞ்சம் அதிகமாக முறுக்குவேன், மேடு ஏறுகிற மாதிரி. முன் சீட்டில் முழங்காலை நீட்டிக்கொண்டு நான், பின்னால் அவள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கேள்வி வரும். நேற்றும் வந்தது: "என்னங்க, கோம்பாக் தாண்டியாச்சா?"

தாண்டியாச்சு என்றேன். கிள்ளானில் இருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை நான் ஏறி இறங்கிய பட்டறைக்காரர்களில், வண்டிக்கு நோயைத் தன் கையாலேயே கொடுத்து, அதைத் தன் காதாலேயே கண்டுபிடித்து, ஓர் ஊக்கால் தீர்த்து வைத்த ஒரே ஆள் என் வீட்டுக்காரி, காப்பார் அஞ்சலை.